குளிருக்குப் பழகிய வண்டு

எங்கள் வீட்டில் ரவையில் வண்டு விழுந்தால் அம்மா முதலில் செய்வது, டப்பாவோடு தூக்கி ஃப்ரிட்ஜில் வைப்பது. மறுநாள் எடுத்துப் பார்த்தால் வண்டுகள் காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். செத்துவிட்டன என்று நினைத்து, சலிப்பதற்காகத் தாம்பாளத்தில் கொட்டி வைப்பார். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் நாலைந்து வண்டுகள் எழுந்து தாம்பாளத்தின் விளிம்பை நோக்கி நடந்துகொண்டிருக்கும். சின்ன வயதில் எனக்கு அது பெரிய அதிசயம். செத்தது எப்படி நடக்கும்?

அவை சாகவே இல்லை. குளிரில் உடல் மரத்துப்போய்க் கிடந்தன, அவ்வளவுதான். சரி, அப்படியென்றால் ஒரு வண்டு உண்மையில் சாக எத்தனை டிகிரி குளிர் வேண்டும்? தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது என்று சொல்வதுபோல இதற்கும் ஓர் எண் இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பூச்சிகளைப் பற்றிப் படித்தவரிடம் கேட்டால் அவர் பதில் சொல்வதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்பார். எத்தனை நாள் அந்தக் குளிரில் இருக்கப்போகிறது? அதற்கு முந்தைய சில வாரங்கள் அந்த வண்டு எங்கே இருந்தது?

இரண்டாவது கேள்விதான் இந்தக் கட்டுரை. ஒரே இனம், ஒரே வயது, ஒரே உணவு. ஆனால் ஒன்று நேரே கதகதப்பிலிருந்து குளிருக்குள் விழுந்தது, இன்னொன்று படிப்படியாகக் குளிர்ந்துகொண்டே வந்தது. இந்த இரண்டும் ஒரே குளிரில் ஒரே மாதிரி சாவதில்லை. வேறுபாடு சின்னதும் இல்லை.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் பூச்சி கனடாவில் இருக்கிறது. மனிடோபா, சஸ்காட்சுவான், ஆல்பர்ட்டா என்று மேற்குக் கனடாவில் பரந்து கிடக்கும் பிரெய்ரி சமவெளி உலகின் பெரிய கோதுமை வயல்களில் ஒன்று. ஜனவரி இரவுகளில் அங்கே வெப்பநிலை −20 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். அந்த ஊரில் சேமித்த தானியத்துக்குப் பெரிய தலைவலி எது என்றால், துருநிற தானிய வண்டு. இரண்டு மில்லிமீட்டர் நீளம். செம்பழுப்பு நிறம், தட்டையான உடம்பு. கோதுமை மணியின் முளைக்கருவைத்தான் முதலில் தின்னும். கடுகைவிடப் பெரிய ஆள் இல்லை. ஆனாலும் ஆளை உறைய வைக்கும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டி அடுத்த கோடையில் மறுபடி பெருகுகிறது.

1998-இல் மனிடோபாவின் வினிபெக் நகரைச் சேர்ந்த பூச்சி ஆய்வாளர் பால் ஃபீல்ட்ஸும் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து இந்த வண்டை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செய்முறை எளிமையானது. ஒரு கூட்டத்தை வழக்கமான கதகதப்பிலேயே வளர்த்தார்கள். இன்னொரு கூட்டத்தை 15 டிகிரியில் இரண்டு வாரம், 10 டிகிரியில் இரண்டு வாரம், 5 டிகிரியில் இரண்டு வாரம் என்று ஆறு வாரத்தில் படிப்படியாக இறக்கினார்கள். அப்புறம் இரண்டையும் −10 டிகிரியில் வைத்து, பாதி வண்டுகள் சாக எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணினார்கள். (கடைசி வண்டு சாகும் நாளை எடுத்துக்கொண்டால், ஒரே ஒரு முரட்டு வண்டு கணக்கைக் குழப்பிவிடும். அதனால்தான் இந்தத் துறையில் "பாதி சாகும் காலம்" என்பதை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.)

பழகாத வண்டுகளில் பாதி சாக 1.4 நாள் ஆனது. பழகிய வண்டுகளில் பாதி சாக 24 நாள்.

ஏறக்குறைய பதினேழு மடங்கு. நான் முதன்முதலில் இந்த எண்களைப் பார்த்தபோது அச்சுப்பிழையோ என்று சந்தேகப்பட்டு மறுபடி படித்தேன். வண்டின் மரபணுவில் எதையும் மாற்றவில்லை, எந்த மருந்தும் கொடுக்கவில்லை. குளிர் மெதுவாக வந்தது என்ற ஒன்றே அதன் ஆயுளை ஒன்றரை நாளிலிருந்து மூன்றரை வாரமாக நீட்டிவிட்டது.

இங்கே ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் "தகவமைப்பு" என்று படித்தது வேறு. ஒட்டகத்தின் திமில், பனிக்கரடியின் ரோமம் எல்லாம் தலைமுறை தலைமுறையாக, இயற்கைத் தேர்வின் வழியாக வந்தவை. பிறக்கும்போதே உடன் வருபவை. இங்கே நாம் பேசும் "பழகுதல்" ஒரே உயிரின் வாழ்நாளுக்குள், சில வாரங்களில் நடப்பது. குட்டிக்குக் கைமாறாது. திரும்பப் போகவும் செய்யும். பழகிக்கொள்ளும் திறமைதான் பரம்பரையாக வருகிறது; பழக்கத்தை ஒவ்வொரு வண்டும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும்.

குளிர் எப்படிக் கொல்கிறது

வண்டு எதைச் சம்பாதிக்கிறது என்று பார்ப்பதற்கு முன் குளிர் அதை எப்படிக் கொல்கிறது என்று தெரிய வேண்டும். இரண்டு வழிகள் உண்டு.

எல்லோருக்கும் தோன்றுவது முதல் வழி: உடம்பில் உள்ள தண்ணீர் உறைந்து, பனிக்கட்டியின் ஊசி முனைகள் செல்களைக் கிழிப்பது. ஆனால் தண்ணீர் 0 டிகிரியில் உறைந்தே தீரும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. பனிக்கட்டி உருவாக ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும்: ஒரு தூசு, ஒரு கீறல், சிலவகை பாக்டீரியா. அப்படி எதுவும் இல்லாத சுத்தமான சிறு துளி −38 டிகிரி வரைகூடத் திரவமாகவே இருக்க முடியும். இதை சூப்பர்கூலிங் என்பார்கள். வண்டு சின்ன உயிர் என்பது இங்கே அதற்கு வசதி. உடம்பில் தண்ணீர் குறைவு, அந்தத் தண்ணீரில் தொடக்கப் புள்ளி சிக்கும் வாய்ப்பும் குறைவு. பல பூச்சிகள் குளிர்காலத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்திக் குடலைக் காலி செய்வதும் இதனால்தான். குடலில் கிடக்கும் உணவுத் துணுக்கே பனிக்கட்டிக்குப் பிள்ளையார் சுழி போட்டுவிடும். கனடாவில் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தியும் பார்த்தார்கள். பனிக்கட்டியைத் தூண்டும் பாக்டீரியாவைத் தானியத்தில் தூவினால் வண்டு வழக்கத்தைவிடக் குறைந்த குளிரிலேயே உறைந்து செத்தது.

இரண்டாவது வழி அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. என் கருத்தில் இதுதான் முக்கியமானது, ஏனென்றால் தானிய வண்டுகளில் பெரும்பாலானவை உறைவதற்கு வெகு முன்பே செத்துப்போகின்றன. ஒரு பொட்டு பனிக்கட்டி இல்லாமலே குளிர் மட்டுமே கொன்றுவிடுகிறது.

அது எப்படி என்று புரிந்துகொள்ள மார்கழி மாதத்துத் தேங்காய் எண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது, வெள்ளையாக இறுகிக் கிடக்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் எப்போதும்போல ஓடும். இரண்டும் கொழுப்புதான். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். அதன் மூலக்கூறுகள் நேர்க்குச்சிகள் மாதிரி, நெருங்கி அடுக்காகிச் சீக்கிரம் இறுகிவிடும். நல்லெண்ணெயில் நிறைவுறாத கொழுப்பு அதிகம். அந்த மூலக்கூறுகளில் வளைவு இருப்பதால் ஒட்டி அடுக்க முடியாது, இளகியே இருக்கும்.

நம் உடம்பிலும் வண்டின் உடம்பிலும் ஒவ்வொரு செல்லையும் சுற்றி இருக்கும் சவ்வு இப்படிப்பட்ட கொழுப்பால் ஆனது. அது இளக்கமாக இருந்தால்தான் அதில் பதிந்திருக்கும் புரதங்கள் வேலை செய்யும். அந்தப் புரதங்களில் சில, இரவு பகலாகத் தண்ணீர் இறைப்பதுபோல சோடியத்தை ஒரு பக்கமும் பொட்டாசியத்தை இன்னொரு பக்கமும் இறைத்துக்கொண்டே இருக்கின்றன. குளிரில் சவ்வு இறுகுகிறது. இறைக்கும் வேகம் குறைகிறது. ஆனால் கசிவு நிற்பதில்லை. பொட்டாசியம் செல்லைவிட்டு வெளியேறி உடல் திரவத்தில் தேங்குகிறது. நரம்பும் தசையும் வேலை செய்ய இந்த ஏற்றத்தாழ்வுதான் ஆதாரம்; அது சமமாகச் சமமாக வண்டு அசைவற்றுப் போகிறது. அம்மாவின் தாம்பாளத்தில் கிடந்தது இந்த நிலையில் இருந்த வண்டுதான். சீக்கிரம் சூடு கிடைத்தால் இறைப்பு மறுபடி தொடங்கி, கணக்கு நேராகி, எழுந்து நடக்கும். நாள் கணக்கில் நீண்டால் சேதம் குவிந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் மீள முடியாது.

கோழிப்பண்ணைக் கழிவில் வாழும் ஒரு கருநிற வண்டை வைத்து இதை அழகாகக் காட்டியிருக்கிறார்கள். விடாமல் குளிரில் வைத்தால் சீக்கிரம் செத்த வண்டுகள், தினமும் ஓரிரண்டு மணி நேரம் மட்டும் கதகதப்பு கொடுத்தால் நெடுநாள் தாங்கின. அந்தச் சிறு இடைவெளியில் பொட்டாசியக் கணக்கை அவை சரிசெய்துகொண்டன.

பழகும்போது உடம்பில் நடப்பது

இப்போது அந்த ஆறு வாரத்துக்குத் திரும்புவோம். வெப்பநிலை மெதுவாக இறங்கும்போது வண்டுக்கு அவகாசம் கிடைக்கிறது. 15 டிகிரியில் அதன் உடல் இன்னும் ஓரளவு நன்றாக வேலை செய்கிறது. அந்த நிலையிலேயே அடுத்து வரப்போகும் குளிருக்கான ஏற்பாடுகளைத் தொடங்கிவிடுகிறது.

பூச்சிகள் பொதுவாகச் செய்வது, சவ்வின் கொழுப்பை மாற்றுவது. நேர்க்குச்சிகளைக் குறைத்து வளைந்தவற்றைக் கூட்டுவது. தேங்காய் எண்ணெயைக் கொட்டிவிட்டு நல்லெண்ணெயை ஊற்றிக்கொள்வது மாதிரி. அதே குளிரில் இப்போது சவ்வு இறுகாது.

இன்னொன்று, உடல் திரவத்தில் கரைபொருட்களைச் சேர்ப்பது. 1998 ஆய்வில் பழகிய வண்டுகளில் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையும், புரோலின் உள்ளிட்ட சில அமினோ அமிலங்களும் கூடியிருந்தன. ட்ரெஹலோஸ் பூச்சிகளின் இரத்தச் சர்க்கரை. நமக்கு குளுக்கோஸ் எப்படியோ அப்படி. இவை புரதங்களையும் சவ்வுகளையும் சுற்றி நின்று, குளிரில் அவை உருக்குலையாமல் காக்கின்றன. வேறு பல வண்டுகள் கிளிசரால் என்ற இனிப்பான கெட்டித் திரவத்தைக் குவிக்கும். தேன் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள்: கெட்டியாகும், ஆனால் பனிக்கட்டியாகாது. கரைந்த பொருள் அதிகமாக இருந்தால் தண்ணீருக்கு உறைவது கடினம். சில வண்டுகள் இன்னும் ஒரு படி மேலே போய், பிறந்த பனித்துகளோடு ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாமல் தடுக்கும் புரதங்களையே தயாரிக்கின்றன.

இத்தனை நல்ல ஏற்பாடு என்றால் ஆண்டு முழுவதும் இப்படியே இருந்துவிட்டால் என்ன? முடியாது. உடம்பில் சேமித்த கிளைகோஜனை (விலங்குகளின் மாவுச்சத்து என்று சொல்லலாம்) உடைத்துத்தான் சர்க்கரையும் கிளிசராலும் செய்ய வேண்டும். அந்தச் சேமிப்பு முட்டையிடவும் வளரவும் தேவைப்படும். குளிருக்கு ஏற்ற இளகிய சவ்வு, வெயில் காலத்தில் அளவுக்கு மீறி இளகிக் கசியும். கம்பளியைச் சித்திரையில் போர்த்திக்கொண்டு யார் அலைவார்கள்?

அதனால் வெப்பம் திரும்பியதும் வண்டு எல்லாவற்றையும் கழற்றிப் போடுகிறது. இந்த வேகம்தான் ஆச்சரியம். அதே ஆய்வில், ஆறு வாரம் பழகிய வண்டுகளை 30 டிகிரியில் ஒரு வாரம் வைத்தார்கள். சம்பாதித்த தாங்குதிறன் போயே போய்விட்டது. கோழிப்பண்ணை வண்டுக்குத் தினமும் கிடைத்த ஓரிரண்டு மணி நேரச் சூடு பழுது பார்க்கும் நேரம். ஒரு வாரச் சூடோ "குளிர்காலம் முடிந்தது" என்ற தவறான செய்தி. அதை நம்பிக் கம்பளியைக் கழற்றிய வண்டை மறுநாள் குளிர் பிடித்தால் தப்பாது.

ஆறு வாரம் என்றதும் பழகுவது எப்போதுமே மெதுவாகத்தான் நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 1987-இல் அமெரிக்காவில் லீ, சென், டென்லிங்கர் என்ற மூவர் ஒரு ஈயினத்தில் கண்டது: நேரே −10 டிகிரிக்குக் கொண்டுபோனால் சாகும் பூச்சி, முதலில் 0 டிகிரியில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போனால் பிழைத்தது. எல்ம் மரத்து இலைகளைத் தின்னும் ஒரு வண்டிலும் இதே போன்ற விரைவான பாதுகாப்பைக் கண்டார்கள். சாயங்காலம் மெல்லக் குளிர்ந்து இரவு உறையும் ஒரு நாளுக்கு இது போதும். மாதக் கணக்கான குளிர்காலத்துக்கு அந்த ஆறு வாரப் பயிற்சிதான் வேண்டும்.

காட்டில்

இது ஆய்வகத்து விளையாட்டு இல்லை என்பதற்குக் கனடாவின் பைன் காடுகள் சாட்சி. மலைப் பைன் வண்டு மரப்பட்டைக்கு அடியில் குடைந்து முட்டையிடும். புழுக்கள் அங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கும். நடுக் குளிர்காலத்தில், கிளிசரால் நிறைந்திருக்கும்போது, அவற்றைக் கொல்ல −40 டிகிரி அளவுக்குக் குளிர் வேண்டும். ஆனால் இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில், உடம்பு இன்னும் தயாராகாத நேரத்தில், −25 டிகிரியே போதும்.

1984, 1985 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சில்கோட்டின் பகுதியில் இலையுதிர் காலத்திலேயே கடுங்குளிர் முந்திக்கொண்டு வந்தது. பெருகிக்கொண்டிருந்த வண்டுக்கூட்டம் அங்கே சரிந்தது. நடுக் குளிர்காலத்தில் அதே குளிர் வந்திருந்தால் அந்தப் புழுக்களில் பல தாங்கியிருக்கும். பிறகு 1990-களில் அந்த மாகாணத்தில் தொடங்கிய பெருக்கத்தைத் தடுக்க அப்படி ஒரு குளிர் வரவில்லை. குளிர்காலங்கள் மென்மையாகிவிட்டிருந்தன, காட்டுத்தீயைப் பல பத்தாண்டுகள் அணைத்து வந்ததால் வண்டுக்குப் பிடித்த முதிர்ந்த மரங்களும் ஏராளம். சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காடு பாதிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு 1.3 கோடி ஹெக்டேர் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த அளவு உறைக்கும். புவி வெப்பமாவதைப் பேசும்போது சராசரி வெப்பநிலையை மட்டும் பார்ப்பது போதாது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். குளிர் எந்த வாரத்தில் வந்தது என்பது ஒரு காட்டின் கதையை மாற்றிவிடுகிறது.

பழகுவதன் எல்லை எது என்று பார்க்க இன்னும் வடக்கே, அலாஸ்காவுக்குப் போக வேண்டும். அங்கே ஊபிஸ் என்ற கருவண்டு கோடையில் −7 டிகிரி வரைதான் தாங்கும். அதே வண்டு குளிர்காலத்தில் −60 வரை தாங்கும். உடம்பு உறைவதை அது தடுப்பதில்லை. செல்களுக்கு வெளியே மட்டும் பனிக்கட்டி உருவாகவிட்டு, உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்கிறது. அதன் உடம்பில் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த, புரதம் அனேகமாக இல்லாத, பனிக்கட்டி வளர்வதைக் கட்டுப்படுத்தும் ஒரு பொருளை 2009-இல் கண்டுபிடித்தார்கள். அதே மண்ணில் மரப்பட்டைக்கு அடியில் வாழும் சிவப்புத் தட்டை வண்டு வேறு வழி. அதன் புழு உடம்பின் தண்ணீரையே பெருமளவு வெளியேற்றி, கிளிசராலைச் செறிவாக்கி, எஞ்சிய திரவத்தைக் கண்ணாடிபோல இறுகவிடுகிறது. ஆய்வகத்தில் −100 டிகிரி வரை போய் உயிரோடு திரும்பிய புழுக்கள் உண்டு. நம் துருநிற தானிய வண்டும் இதே போன்ற தட்டை வண்டுக் கூட்டத்துக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

குதிரிலும் சமையலறையிலும்

பிரெய்ரி விவசாயிக்கு இதெல்லாம் எதற்கு? ஆகஸ்ட் வெயிலில் அறுத்த கோதுமை, 30 டிகிரி சூட்டோடு பெரிய எஃகுக் குதிருக்குள் போகிறது. தானியம் வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாது. வெளியே பனி கொட்டத் தொடங்கிய பிறகும் குவியலின் நடுப்பகுதி வாரக் கணக்கில் கதகதப்பாகவே இருக்கும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வண்டுகள் நகரும். குளிரும் பின்னாலேயே மெல்ல மெல்ல வரும். 15, 10, 5 என்று ஆய்வகத்தில் செய்த அதே பயிற்சியை, சும்மா விட்ட குதிர் தானாகவே வண்டுக்குக் கொடுத்துவிடுகிறது.

அதனால்தான் மின்விசிறி வைத்துக் குளிர்ந்த காற்றைத் தானியத்துக்குள் செலுத்தச் சொல்கிறார்கள். சுமார் 20 டிகிரிக்குக் கீழே இறக்கினால் பெருக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். அது முதல் லாபம். கொல்ல வேண்டுமென்றால் இன்னும் ஆழமான குளிர் வேண்டும். அங்கே விவசாயிகளுக்குச் சொல்லப்படும் கணக்கு, தானியம் −20 டிகிரியில் ஒரு வாரம் இருக்க வேண்டும், −5 டிகிரிதான் கிடைக்கும் என்றால் 12 வாரம். இந்தக் கணக்கு பழகிய வண்டையும் மனதில் வைத்துப் போட்டது. காற்றின் வெப்பநிலை இல்லை இது. குவியலுக்குள் கம்பியில் தொங்கும் உணரி காட்டும் தானியத்தின் வெப்பநிலை.

நம் வீட்டு ரவைக்கும் அரிசிக்கும் நிலைமை சுலபம். இங்கே வருபவை பெரும்பாலும் சிவப்பு மாவு வண்டும் அரிசிக் கூன்வண்டும். வெப்ப நாட்டுப் பூச்சிகள், துருநிற வண்டு அளவுக்குக் குளிர் தாங்காதவை. ஆனாலும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 4, 5 டிகிரியில் இரண்டு நாள் வைப்பது அவற்றை மயக்கத்தில் போடுவது மட்டும்தான். "முதலில் ஃப்ரிட்ஜில் வைத்து, அப்புறம் ஃப்ரீசருக்கு மாற்றலாம்" என்பதும் தேவையற்ற உபகாரம். நாமே படிக்கட்டு கட்டிக்கொடுத்த மாதிரி. அறைச் சூட்டிலிருந்து நேரே −18 டிகிரி ஃப்ரீசருக்குப் போகட்டும்.

ஐந்து கிலோ மூட்டையை அப்படியே திணித்தால் அது ஒரு குட்டிக் குதிர். ஓரம் உறைந்தாலும் நடுப்பகுதி குளிர வெகுநேரம் ஆகும். ஒரு கிலோ, அரை கிலோவாகப் பிரித்து, தட்டையான பையில் பரப்பி வைத்தால் குளிர் சீக்கிரம் உள்ளே இறங்கும். முட்டைகளும் சாக வேண்டும் என்பதால் ஒரு வாரம் விட்டுவிடுவது நல்லது. எடுத்தவுடன் பையைப் பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வரும் வரை காத்திருங்கள். இல்லாவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த ரவையில் வேர்த்துக் கட்டி கட்டியாகிவிடும். அம்மா இப்போது இப்படித்தான் செய்கிறார். தாம்பாளத்தில் எதுவும் எழுந்து நடப்பதில்லை.